நிரை

மடுவத்துத் தராசு போன மாதத்திலிருந்து
காகிதம் கேட்பதில்லை.
கூடையைக் கொக்கியில் மாட்டினால்
நிறையை நேரே எங்கோ அனுப்பிவிடுகிறது.
எங்கே என்று கேட்டேன்.
"கிளவுட்டுக்கு, மிஸ்" என்றான் நிலுபுல்,
கொழும்பிலிருந்து இரண்டு நாளுக்கு வந்தவன்.
ஆபிஸுக்குள் புகுந்த மூடுபனியில்
அவன் கண்ணாடி வெளுத்திருந்தது.
எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.

என் எக்செல் தாளை அதோடு கோத்துக் கொடுத்தான்.
எந்த அட்டவணை, எந்த நாள் முதல், என்ன கடவுச்சொல்.
ஒரே பொத்தான்: புதுப்பி.
சிக்னல் இரண்டு கோடு ஏறும் வரை
நீல வட்டம் சுற்றும்.
பிறகு கீழ்ப்பிரிவின் நூற்றுப் பதினான்கு பேரும்
லொறியிலிருந்து குதிப்பது போல
மளமளவென்று வந்து இறங்குவார்கள்.

பதினொரு வருடம் இதைக் கையால் அடித்தவள் நான்.
பதினேழே முக்காலைப்
பதினெட்டு என்று அடித்த விரல் இது.
பதினெட்டு என்றால் முழுப்பேர்.
கால் கிலோ குறைந்தால் அரைப்பேர்.
அந்தக் கால் கிலோவை நான் யாரிடமும் சொன்னதில்லை,
அவர்களும் கேட்டதில்லை.

பழக்கத்தில் மாற்றினேன்.
தெய்வானை, 17.75. பதினெட்டு ஆக்கினேன்.
புதுப்பித்தேன்.
17.75.
மறுபடி பதினெட்டு. மறுபடி வட்டம்.
தாள் என்னுடையது, எண் என்னுடையதல்ல.
மூலத்தைத் திருத்த அனுமதி கேட்டேன்.
இரண்டே சொல்லில் பதில் வந்தது:
பார்க்க மட்டும்.

சரி, பார்த்தேன்.
பார்த்ததை எழுத
அட்டவணைக்குப் பக்கத்தில் வெறும் நிரல் ஒன்று திறந்தேன்.
தெய்வானைக்கு எதிரே: வெயில் நாள், ஈரமென்று இரண்டு கிலோ கழிந்திருக்கிறது.
பேச்சியம்மாவுக்கு: காலில் தையல்.
யோகநாயகிக்கு: ஏழு மாதம், மேட்டு நிரை கொடுக்க வேண்டாம்.

மறுநாள் எட்டே முக்காலுக்குத்
தலைமை அலுவலகத்திலிருந்து போன்.
"கங்காணி சந்தனசாமிக்கு
எப்படி ஏழு மாதம்?"

இரவில் மூன்று பேரைப் புதிதாகப் பதிந்திருக்கிறார்கள்.
பெயர்கள் மூன்று நிரை கீழே இறங்கிவிட்டன.
குறிப்புகள் நின்ற இடத்திலேயே நின்றன,
பஸ் போனது தெரியாமல் தரிப்பில் நிற்பவர்களாக.
சிரித்துவிட்டேன்.
அந்தத் தாளைப் பார்த்துத்தான்
இப்போது மலையில் நிரை பிரிக்கிறார்கள் என்பது
போனை வைத்த பிறகே உறைத்தது.

பன்னிரண்டாம் நம்பர் மலைக்கு
செருப்பு வழுக்க ஓடினேன்.
உச்சி நிரையில், கல்லொன்றைப் பிடித்தபடி யோகநாயகி.
"நீங்கதான் எழுதினீங்கன்னு சொன்னாங்களே, மிஸ்."
மூச்சு வாங்கியது எனக்குத்தான்.
அவள்தான் எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"இடத்தோட கட்ட வேணாம், மிஸ்,
நம்பரோட கட்டுங்க" என்றான் நிலுபுல் போனில்.
குறிப்புகளைத் தனித் தாளுக்கு மாற்றி
செக்ரோல் நம்பரால் முடிச்சுப் போட்டேன்.
இனி யோகநாயகி எந்த நிரைக்கு நகர்ந்தாலும்
அவளுடைய ஏழு மாதம் கூடவே போகும்.

முடிச்சுப் போடக் கை பழகிவிட்டது.
ஆபிஸ் முற்றத்து மழைமானியை
தினமும் காலையில் பார்த்து எழுதுபவளும் நான்தான்.
அந்தக் கணக்கையும் கொண்டுவந்து
தேதியோடு தேதி கோத்தேன்.
ஒரு துளியும் விழாத ஆறு நாட்கள்.
ஆறிலும் ஈரத்துக்கென்று கழித்தது
ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு கிலோ.
கூட்டியவள் நானில்லை, தாள்.

துரைக்கு, கொழும்புக்கு,
தோட்டக் கமிட்டித் தலைவிக்கு
மூன்று பேருக்கும் பகிர்ந்தேன்.
என்ன அனுமதி கொடுக்கலாம் என்று திரை கேட்டது.
யோசிக்கவில்லை.
பார்க்க மட்டும்.